பியோர்க்கின் ‘மெடுல்லா’: எங்கள் மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மாதத்துக்கு ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நிறுத்தாமல் கேட்கிறோம். பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது. முடிந்ததும் டீ, அப்புறம் சண்டை. இதுவரை நடந்த சண்டைகளில் பெரியது ‘மெடுல்லா’வால் வந்ததுதான். அன்றைக்கு வந்தவர்களும், வராமல் விவரம் மட்டும் கேள்விப்பட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

முதலில், இது என்ன ஆல்பம்? யார் பாடியது?

பியோர்க் ஐஸ்லாந்துப் பாடகி. 1965-இல் ரெய்க்யாவிக்கில் பிறந்தவர். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்போதே, 1977-இல், அவர் பெயரில் ஓர் இசைத்தட்டு வந்துவிட்டது. பிறகு ‘சுகர்கியூப்ஸ்’ என்ற ராக் குழுவில் பாடினார். 1993-இலிருந்து தனி ஆல்பங்கள். 2000-இல் வந்த ஒரு படத்தில் நடித்துக் கான் விழாவில் சிறந்த நடிகை விருதும் வாங்கினார்.

‘மெடுல்லா’ 2004 ஆகஸ்ட் கடைசியில் வெளியானது. 14 பாடல்கள், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இதற்கு முந்தைய ‘வெஸ்பர்டைன்’ (2001) முழுக்க யாழும் சின்னச்சின்ன மணியோசைகளும் நிறைந்த ஆல்பம். அதைக் கேட்டுவிட்டு இதைப் போட்டால் ஆளே மாறிவிட்டாரோ என்று தோன்றும்.

வாத்தியமே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

ஏறக்குறைய உண்மை. அங்கங்கே பியானோ வருகிறது, முதல் பாட்டில் காங் மணி ஒன்று ஒலிக்கிறது, கொஞ்சம் சிந்தசைசரும் உண்டு. மற்றதெல்லாம் மனிதக் குரல். வாத்தியங்களோடு வேலையைத் தொடங்கியவர், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தபோது மிஞ்சிய குரல்களே பிடித்துப்போய் அந்த வழியிலேயே போயிருக்கிறார்.

கணினி வேலை நிறைய இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குரலைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, அடுக்கியிருக்கிறார்கள். ‘டிசையர்ட் கான்ஸ்டலேஷன்’ பாட்டில் பின்னால் சன்னமாக மினுங்கிக்கொண்டே இருக்கும் ஒலி, பியோர்க்கின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து அவருடைய குரலையே ஒரு துண்டு எடுத்து உருமாற்றியது. ‘மைக் முன்னால் நின்று பாடிவிட்டுப் போனார்கள்’ என்று நினைத்துக் கேட்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் அந்த டிரம் சத்தம்?

வாய்தான். வாயாலேயே டிரம் தாளம் போடும் பீட்பாக்ஸ் கலைஞர்கள் மூன்று பேர் முக்கியம். ‘த ரூட்ஸ்’ குழுவில் இருந்த அமெரிக்கர் ரஸேல். பிரிட்டனைச் சேர்ந்த ஷ்லோமோ. ஜப்பான்காரர் டொகாகா. இந்த டொகாகா ராக் பாட்டுகளின் கிதார், பேஸ், டிரம் எல்லாவற்றையும் தன் வாயாலேயே செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தவர்; அதைக் கேட்டுத்தான் அழைப்பு போயிருக்கிறது. கடைசிப் பாட்டில் டிராம்போன் போல ஒன்று கேட்கும். அதுவும் ஒருவருடைய தொண்டையே.

இவர்கள் தவிர ‘ஃபெய்த் நோ மோர்’ குழுவின் மைக் பேட்டன் அடித்தொண்டையில் உறுமுகிறார். ராபர்ட் வையட் என்ற மூத்த ஆங்கிலப் பாடகர் ‘சப்மரீன்’ பாட்டில் வருகிறார். ஐஸ்லாந்து கோரஸ் ஒன்று, லண்டன் கோரஸ் ஒன்று. தான்யா தாகாக் பற்றித் தனியாகச் சொல்கிறேன், அவருக்கு ஒரு பத்தி போதாது.

பிடிக்காதவர்கள் என்ன சொன்னார்கள்?

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குப் பிடித்தது என்றவர்கள் பெரும்பாலும் ‘சூப்பர்’, ‘வேற லெவல்’ என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள். பிடிக்கவில்லை என்றவர்கள்தான் எந்த இடத்தில், ஏன் என்று சொன்னார்கள்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த தெருக்கூத்து வாத்தியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “குரல் எல்லாம் மைக்குக்குள்ளயே குடியிருக்கு. தூரத்துக்கு எறியற குரல் ஒண்ணுகூட இல்ல.” அவருடைய தொழிலில் விடிய விடியப் பாட வேண்டும், திரௌபதி அம்மன் கோயில் திடலில் கடைசி வரிசையில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் கிழவிக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும். அந்தக் காதுக்கு, உதட்டோரம் மூச்சு விடுவதையும் நாக்கு ஒட்டிப் பிரிவதையும் இவ்வளவு பெரிதாக்கிக் காட்டுவது வித்தையாகவே படவில்லை. ‘வேர் இஸ் த லைன்’ ஓடும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவது போல இருக்கிறதாம். “ஆனா திரை விலகவே இல்லையே” என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

சம்பா கோயில் என்ற தேவாலயத்தின் பாடகர் குழுவில் நெடுநாளாகப் பாடும் ஒரு அக்காவுக்கு வேறு குறை. கோரஸ் என்றால் பல பேர் ஒன்றாக மூச்செடுத்து ஒன்றாக விடுவது. இதில் பல இடங்களில் அந்த மூச்சை வெட்டி எறிந்துவிட்டார்கள், ஆட்கள் பாடுவதாகவே தெரியவில்லை என்றார். ‘வோகுரோ’ பாட்டை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். ஜோருன் விதார் என்ற ஐஸ்லாந்துப் பெண் இசையமைப்பாளரின் பழைய பாட்டு அது. அதில் கோரஸ் கோரஸாகவே பாடுகிறது. அந்த அக்காவின் காது பொய் சொல்லவில்லை.

என் அண்ணி மூன்றாவது பாட்டில் எழுந்து கீழே போனவர் எட்டாவது பாட்டுக்குத் திரும்பி வந்தார். தலைவலி என்றார். அதுவும் ஒரு கருத்துதான்.

பிடித்தவர்கள்?

கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்கள் பீட்பாக்ஸ் பழகுகிறார்கள். அவர்களுக்கு ரஸேல் வரும் இடம் எல்லாம் திருவிழா. ரஸேல் இல்லாத பாட்டுகளில் செல்போன் பார்த்தார்கள், அதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஆரோவில் பக்கம் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் நண்பருக்கு ஆல்பம் முழுக்கப் பிடித்திருந்தது. அவர் சொன்ன காரணம் நன்றாக இருந்தது: சாதாரணப் பாட்டில் குரல் முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் பின்னால் இருக்கும், இங்கே எல்லாமே குரல் என்பதால் எது முன்னால் வர வேண்டும் என்பதை ஒவ்வொரு நொடியும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தீர்மானங்களைக் கேட்பதே சுகம் என்றார். சுகம் என்பது அவருடைய சொல். எனக்குப் பாதி இடங்களில்தான் அது சுகமாக இருக்கிறது.

எதிர்பாராமல் ஆதரவு வந்தது தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவரிடமிருந்து. வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவரை உட்காரச் சொன்னோம். ஊரே வெறுத்த பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

அந்த மூச்சிரைக்கும் பாட்டு என்ன? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போடலாமா?

பதினோராவது பாட்டு, ‘ஆன்செஸ்டர்ஸ்’. சொற்களே கிடையாது. பியானோ மெதுவாக ஓட, பியோர்க் ஏதோ முனக, தான்யா தாகாக் தொண்டையிலிருந்து உறுமலும் விம்மலும் மூச்சிரைப்பும் எழுப்புகிறார். புகார் அதிகம் வந்தது இதற்குத்தான். கூச்சமாக இருக்கிறது என்றார்கள், யாரோ திணறுவது போல இருக்கிறது என்றார்கள், அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தாகாக் கனடாவின் வடகோடியில் கேம்பிரிட்ஜ் பே என்ற ஊர்க்காரர், அந்தப் பனிப்பகுதியின் பூர்வகுடிகளான இன்யூட் இனத்தவர். அவர்களிடையே தொண்டைப் பாட்டு என்பது இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நின்று ஆடும் விளையாட்டு. ஒருத்தி எழுப்பும் ஒலிக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை மற்றவள் தன் ஒலியால் நிரப்ப வேண்டும். யார் முதலில் சிரித்துவிடுகிறாளோ, மூச்சு வாங்குகிறாளோ, அவள் தோற்றாள். தாகாக் அதைத் தனி ஆளாகச் செய்கிறார். 2001-இல் பியோர்க்கின் சுற்றுப்பயணத்தில் கூடப் பாடியவர்.

இந்தத் தகவலைச் சொன்ன பிறகும் யாரும் மனம் மாறவில்லை. மாற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேவனாம்பட்டினத்துக்காரர் மட்டும், “கரைவலை இழுக்கறப்போ கடைசியில பாட்டு நின்னு போயிடும், மூச்சு மட்டுந்தான் இருக்கும். அதான் இது” என்றார். அம்பாப் பாட்டு கேட்டிருப்பீர்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிக்கொண்டு வலையை இழுப்பார்கள். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாரம் கூடி, சொல் உதிர்ந்து, வெறும் மூச்சின் தாளம் மிஞ்சுமாம். இந்தப் பாட்டைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு தெளிவாக இல்லை.

பெரியவர்கள் இருக்கும்போது போடலாமா என்றால்: ஹெட்போன்.

இதெல்லாம் பாட்டா, சத்தமா?

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் சண்டை குறையும். குரல் சொல்லைச் சுமந்துகொண்டு வரும்வரை எல்லோரும் அதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்கிறோம். அதே குரல் தாளமாகவோ வெறும் ஒலியாகவோ ஆனதும் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. எங்கள் மாடியில் ஒவ்வொருவரும் முகம் சுளித்த இடத்தைச் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே சொல் நின்றுபோகும் இடங்கள்.

தமிழில் இதெல்லாம் நாம் செய்யாததா?

செய்ததுதான். கொன்னக்கோல் என்ன, வாயால் மிருதங்கம். கல்யாணத்திலும் கோயிலிலும் குலவை போடும்போது சொல் எங்கே இருக்கிறது? மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமி இறங்கும் நேரம் நின்று பாருங்கள், தொண்டையால் என்னென்ன முடியும் என்று தெரியும். ஒப்பாரியில் விம்மலும் ராகமும் எங்கே பிரிகின்றன என்று சொல்லவே முடியாது.

சினிமாவிலும் உண்டு. 1993-இல் வந்த ‘திருடா திருடா’வில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஷாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’ முழுக்கக் குரல்களால் ஆனது. ‘மெடுல்லா’வுக்குப் பதினோரு ஆண்டு முன்னால். அதை யாரும் பரிசோதனை என்று முகம் சுளிக்கவில்லை, டீக்கடையில் ஓடியது. காரணம் எளிது. மெட்டு நாட்டுப்புறம், சொல் தெளிவு, கோரஸ் பாடகரைத் தாங்குகிறதே தவிரக் குறுக்கே விழுவதில்லை. பியோர்க் வேண்டுமென்றே குறுக்கே விழ விடுகிறார்.

அதற்காக ‘நாங்கள் அப்போதே செய்துவிட்டோம்’ என்று மார்தட்டுவதும் சரியில்லை. இரண்டும் வேறு வேலை.

ஐஸ்லாந்து மொழி தெரிய வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் ஆங்கிலம். ‘வோகுரோ’ ஐஸ்லாந்து மொழியில் இருக்கிறது. இன்னும் இரண்டு சின்னப் பாட்டுகளில் வருவது பெரும்பாலும் பொருளில்லா அசைகள். ஒரு பாட்டுக்கு அமெரிக்கக் கவிஞர் ஈ. ஈ. கம்மிங்ஸின் கவிதையை எடுத்திருக்கிறார். ஆங்கிலப் பாட்டுகளிலும் அவருடைய உச்சரிப்பு நம்மைத் தடுமாற வைக்கும், கவலைப்படாதீர்கள்.

ஒலிம்பிக்ஸில் பாடினாராமே?

ஆமாம். 2004 ஆகஸ்ட் 13, ஏதென்ஸ் தொடக்க விழா. ஒலிம்பிக் குழு கேட்டுக்கொண்டதால் எழுதிய ‘ஓஷியானியா’ பாட்டு. கடலே பேசுவது போன்ற பாட்டு: என்னிடமிருந்து கரையேறிப் போனவர்கள்தானே நீங்கள் எல்லோரும் என்று மனிதர்களைப் பார்த்துக் கடல் சொல்கிறது. பாடப் பாட அவருடைய உடை அவிழ்ந்து விரிந்து, மைதானத்தில் நின்ற வீரர்கள் மேல் பெரிய துணியாகப் படர்ந்தது. அதில் உலக வரைபடம்.

கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாட்டு எளிதில் பிடிக்கும் என்று நினைத்தேன். பிடித்தது, ஆனால் கடலுக்காக இல்லை. பின்னால் சறுக்கிக்கொண்டே ஓடும் கோரஸ் பழைய பேய்ப்படங்களை நினைவூட்டுகிறதாம்.

விற்றதா? விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

இவ்வளவு விநோதமான ஆல்பத்துக்கு நன்றாகவே போனது. அமெரிக்கப் பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. ஆல்பத்துக்கும் ‘ஓஷியானியா’வுக்கும் கிராமி பரிந்துரை கிடைத்தது. விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். ரசிகர்கள் அந்த அளவுக்கு ஒருமனமாக இல்லை. அவருடைய தொண்ணூறுகளின் பாட்டுகளில் ஆடிப் பழகியவர்கள் பலருக்கு இது எட்டவில்லை.

பிடிக்கவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தமா?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

பரிசோதனை இசையைச் சுற்றி ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பிடித்தவர் அறிவாளி, பிடிக்காதவர் பாமரர் என்று சொல்லாமல் சொல்வது. ‘இன்னும் நாலு தரம் கேளு, புரியும்’ என்ற அறிவுரை. கூத்து வாத்தியார் நூறு தரம் கேட்டாலும் அவருடைய குறை அப்படியே இருக்கும், ஏனென்றால் அது உண்மையான குறை. இந்த ஆல்பம் மைக்குக்கு மிக அருகில் வாழ்கிறது. அந்த நெருக்கம் ‘டிசையர்ட் கான்ஸ்டலேஷன்’ பாட்டை அழகாக்குகிறது, ‘ப்ளெஷர் இஸ் ஆல் மைன்’ பாட்டில் மூச்சு முட்ட வைக்கிறது. இரண்டும் ஒரே முடிவின் விளைவுகள். முதலாவதை ரசிக்கிறவர் இரண்டாவதைக் குறை சொல்பவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

அதே நேரம், முப்பது நொடி கேட்டுவிட்டு ‘பைத்தியக்காரத்தனம்’ என்று எழுந்து போவதையும் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. அண்ணியின் தலைவலி வேறு. அவர் திரும்பி வந்தார்.

எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிப்பது?

வரிசைப்படி கேட்காதீர்கள், முதல் தரமாவது. ‘ஹூ இஸ் இட்’ பாட்டில் ஆரம்பியுங்கள். மெட்டு இருக்கிறது, தாளம் இருக்கிறது, பல்லவி மனதில் நிற்கும். அதன் வீடியோவில் உடம்பு முழுக்க மணிகள் தைத்த உடையோடு கருமணல் வெளியில் ஆடுகிறார். அலெக்சாண்டர் மெக்குவீன் வடிவமைத்த உடை. சலங்கை கட்டியவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

அடுத்து ‘ட்ரையம்ஃப் ஆஃப் எ ஹார்ட்’. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ஆட்டம் போடலாம். ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த வீடியோவில் பியோர்க்கின் கணவராக ஒரு பூனை நடிக்கிறது. குழந்தைகளுக்குக் காட்டுங்கள், மறுபடி மறுபடி கேட்பார்கள். அப்புறம் ‘வோகுரோ’. இரவில், விளக்கணைத்து. ‘ஆன்செஸ்டர்ஸ்’ கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம்.

போனில் கேட்டால் போதாதா?

போதாது. ரஸேல் வாயால் போடும் பேஸ் போன் ஸ்பீக்கரில் வரவே வராது. தட்டும் துப்பும் மட்டும் மிஞ்சும். ‘சும்மா புஸ் புஸ்ஸென்று இருக்கிறது’ என்று சொன்ன இரண்டு பேரும் போனில் கேட்டவர்கள். காதை நன்றாக மூடும் சுமாரான ஹெட்போன் போதும், ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். குறுந்தகடு வேண்டுமென்றால் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய தகடுகளைக் கிளறிப் பாருங்கள். இது கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கிளறுவதே நல்ல பொழுதுபோக்கு.

கடைசியாக, உங்களுக்குப் பிடித்ததா?

ஆறு பாட்டுகள் ரொம்பப் பிடிக்கும். நான்கு பாட்டுகளை மதிக்கிறேன், தேடிப் போய்க் கேட்க மாட்டேன். ‘சப்மரீன்’ எனக்கு அலுப்பு. ராபர்ட் வையட்டின் குரல் அவ்வளவு நல்ல குரல், அதை அடுக்கி அடுக்கிக் கரைத்துவிட்டார்கள். இரண்டு குட்டிப் பாட்டுகள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ‘ஆன்செஸ்டர்ஸ்’ பற்றி, கரைவலை விவகாரம் கேட்ட பிறகு, என் கருத்தை ஒத்தி வைத்திருக்கிறேன். மொத்தத்தில் ‘ஹோமோஜெனிக்’ (1997) இதைவிடப் பெரிய ஆல்பம் என்பது என் கட்சி. ஒலிப்பதிவு நண்பர் இதைப் படித்துவிட்டு போன் செய்வார்.

அடுத்த மாதம் என்ன? வருவதற்குக் காசு உண்டா?

காசு இல்லை. அடுத்து என்ன என்பதில் இன்னும் இழுபறி. ‘ஹோமோஜெனிக்’ வேண்டும் என்கிறேன் நான். கூத்து வாத்தியார் பியோர்க்கே வேண்டாம், தன் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், பழைய கேசட் ஒன்றைக் கொண்டு வருகிறேன் என்கிறார். கேசட் பிளேயர் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள், எங்களுடையது நாடாவைத் தின்கிறது.